ஐயா உண்ணாவிரதம் இருக்கிறார், எதற்கென்று தெரியவில்லை

கைராட்டை
சனி, இரவு 9.50

வணக்கம். இந்தப் பகுதியில் இதுவரை படித்ததோடு சரி, எழுதியதில்லை. இப்போது வேறு வழி தெரியவில்லை.

எங்கள் ஐயாவுக்கு 82 வயது. ஐயா என்றால் அப்பா இல்லை, நான் பாடம் கேட்ட பெரியவர். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, பிள்ளைகுட்டி கிடையாது. 1960களின் தொடக்கத்தில் காந்திகிராமத்தில் படித்தவர். அங்கே மாணவர்களுக்குச் சாந்தி சேனைப் பயிற்சி உண்டு. கலவரம் நடக்கிற தெருவில் வெறுங்கையோடு போய் நடுவில் நிற்பதற்கான பயிற்சி. 1957ல் காந்தியின் சீடர் வினோபா பாவே தொடங்கியது. மற்றவர்கள் அதைப் படித்து முடித்துவிட்டு வேறு வேலைக்குப் போனார்கள், ஐயா அதையே வேலையாக வைத்துக்கொண்டார். 1968 டிசம்பரில் கீழ்வெண்மணியில் கூலித் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட பிறகு கீழத்தஞ்சைக்குப் போனவர், நிலமில்லாதவர்களோடு பத்து வருடம் அங்கேயே இருந்துவிட்டார். நடுவில் எமர்ஜென்சியில் ஏழு மாதம் ஜெயில். 1998 மே மாதம் பொக்ரானில் அணுகுண்டு வெடித்துப் பார்த்த சந்தோஷத்தில் எங்கள் ஊரில் லட்டு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பஸ் ஸ்டாண்டு எதிரில் ஒரு அட்டையைப் பிடித்துக்கொண்டு தனி ஆளாக நின்றவர் இவர். நான் அவரை முதலில் பார்த்தது அன்றைக்குத்தான். என் கையிலும் லட்டு இருந்தது.

இரண்டு வருடமாக டிமென்ஷியா, அதாவது மறதி நோய். அல்சைமரோடு மூளை ரத்தக் குழாயிலும் கொஞ்சம் அடைப்பு இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். சர்க்கரை உண்டு. பழைய ஓட்டு வீட்டில்தான் இருக்கிறார். நாங்கள் ஐந்து பேர் முறை போட்டுக்கொண்டு ராத்திரி தங்குகிறோம். சமையலுக்கு ஒரு அக்கா வருகிறார். மாதம் ஆகிற செலவைப் பங்கு போட்டுக்கொள்கிறோம். இதுவரை பெரிய தொந்தரவு இல்லை. போன மாதம் மட்டும் விடிகாலை நாலரைக்குக் கிளம்பிப் போய்விட்டார். வத்தலகுண்டு ரோட்டில் பதினோரு கிலோமீட்டர் தள்ளி ஒரு பாலத்தில் உட்கார்ந்திருந்தார், கால் இரண்டும் வீங்கி. அதற்கப்புறம் கேட்டைப் பூட்டி வைக்கிறோம்.

விஷயத்துக்கு வருகிறேன். புதன்கிழமையிலிருந்து சாப்பிடவில்லை. தட்டை வைத்தால் இரண்டு விரலால் மெதுவாக நகர்த்திவிட்டு, கை கூப்புகிறார். கோபமே இல்லை. "நான் உண்ணாவிரதத்துல இருக்கேன் தம்பி" என்கிறார். கதவில் அடுப்புக்கரியால் நாலு கோடு போட்டிருக்கிறார், ஒரு நாளைக்கு ஒன்று. இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டால் தெரியாது, ஆனால் கோடு ஒன்றுகூடத் தப்பவில்லை. உப்பு போட்ட எலுமிச்சைத் தண்ணீர் மட்டும் குடிக்கிறார், அதுவும் அவர் பழைய கணக்குப்படி.

"ஐயா, இப்ப உண்ணாவிரதம் எதுவும் நடக்கலை" என்று சொல்லிப் பார்த்தேன். சிரித்தார். "போலீஸ்காரங்களும் அப்படித்தான் சொல்வாங்க" என்றார்.

என்ன செய்வது?

செவிலி68
சனி, இரவு 10.15

அரசு மருத்துவமனையில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். மற்றதெல்லாம் அப்புறம், முதலில் இதற்குப் பதில் சொல்லுங்கள். சர்க்கரை மாத்திரை கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறீர்களா? கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையாக இருந்தால், சாப்பிடாதவருக்கு அதைக் கொடுப்பது ஆபத்து. சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் போட்டுவிடும். காலைக்காகக் காத்திருக்காமல் இப்போதே டாக்டருக்குப் போன் போடுங்கள். குளுக்கோமீட்டர் இருந்தால் இப்போதே பாருங்கள்.

இரண்டாவது. நேற்றுவரை சாப்பிட்டவர் திடீரென்று நிறுத்தினால் மறதி நோய்தான் முற்றிவிட்டது என்று உட்கார்ந்துவிடக் கூடாது. அந்த நோய் பெரும்பாலும் மெதுவாகத்தான் முற்றும். இரண்டு மூன்று நாளில் ஆள் மாறினால் உடம்பில் வேறு ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். பல நேரம் சிறுநீர்த் தொற்று, இல்லையென்றால் மலச்சிக்கல். வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள்: புண், பல் சொத்தை, பல்செட் உரசின காயம். கடைசியாக எப்போது வெளிக்குப் போனார் என்று யாருக்காவது தெரியுமா? ஐந்து பேர் முறை போட்டால் இதைத்தான் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஒவ்வொருத்தரும் இன்னொருத்தர் முறையில் போயிருப்பார் என்று நினைத்துக்கொள்வார்கள்.

டோனெபெசில் மாத்திரை கொடுக்கிறீர்களா? சிலருக்கு அது குமட்டலைக் கொண்டுவந்து பசியை அடக்கிவிடும். அளவை சமீபத்தில் கூட்டினார்களா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

கைராட்டை
சனி, இரவு 10.40

மாத்திரை கொடுத்துக்கொண்டுதான் இருந்தோம். நெஞ்சு திக்கென்றது. இப்போது பார்த்ததில் சர்க்கரை 74. டாக்டரிடம் பேசிவிட்டேன். நிறுத்தச் சொன்னார், தேன் கலந்த தண்ணீர் கொடுக்கச் சொன்னார், காலையில் அழைத்துவரச் சொன்னார். தேனைக் குடிக்க மாட்டேன் என்றார். எலுமிச்சைத் தண்ணீரில் கலந்து கொடுத்தோம், குடித்துவிட்டார்.

வெளிக்குப் போன கணக்கு யாரிடமும் இல்லை. நீங்கள் சொன்னது அப்படியே உண்மை.

வைகைக்கரை
ஞாயிறு, காலை 6.20

டாக்டரைப் பாருங்கள், அது வேறு. ஆனால் ஐயா உண்ணாவிரதம் என்று சொல்லும்போது உண்ணாவிரதத்தின் இலக்கணத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும் அல்லவா? அதற்கு ஒரு முடிவுச் சடங்கு உண்டு. சாப்பிடுங்கள் என்று கெஞ்சினால் எந்தச் சத்தியாகிரகியும் சாப்பிட மாட்டார். யாராவது பெரியவர் வந்து பழச்சாறு கொடுத்து முடித்து வைக்க வேண்டும். 1948 ஜனவரியில் டெல்லியில் காந்தி இருந்த கடைசி உண்ணாவிரதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாத் தரப்பாரும் வந்து வாக்குக் கொடுத்த பிறகுதான் மௌலானா ஆசாத் கையால் ஆரஞ்சுச் சாறு வாங்கிக் குடித்தார். 1932ல் எரவாடா சிறையில் கஸ்தூர்பா கொடுத்தார். நம் ஊர்ப் பக்கம் கோட்டாட்சியர் வருவார், இல்லையென்றால் தாசில்தார். பேச்சுவார்த்தை நடந்தது, கோரிக்கை பரிசீலிக்கப்படும் என்பார்கள். சாத்துக்குடி சாறு, கைத்தட்டல், போட்டோ.

அதை நடத்திவிடுங்கள். வெள்ளை வேட்டி கட்டின கௌரவமான ஆள் ஒருவரை அழைத்து வாருங்கள். "அரசு உங்கள் கோரிக்கையை ஏற்றுக்கொண்டது ஐயா" என்று சொல்லட்டும். அவர் கையாலேயே ஒரு டம்ளர் சாறு. முடிந்தது.

நேர்பேச்சு
ஞாயிறு, காலை 7.05

அதாவது, ஆயுள் முழுக்கப் பொய் சொல்லாமல் இருந்த மனிதரின் கடைசிக் காலத்தில் ஆளுக்கொரு வேஷம் கட்டிக்கொண்டு போய்ப் பொய் சொல்வது. நல்ல யோசனை.

சின்னாளபட்டி மருமகள்
ஞாயிறு, காலை 8.30

நேர்பேச்சு சார், கோபப்படாதீங்க. பொய் வேற, அவங்க இருக்கிற இடத்துக்கு நாம போறது வேற.

என் மாமியார் சுங்குடி முடிச்சுப் போடுறவங்க. அம்பது வருஷம் விரல் நிக்காது. மறதி வந்ததும் சாயங்காலம் நாலு மணி ஆனா போதும், "சேலை எங்க, நாளைக்குக் குடுக்கணும்"னு வீட்டையே புரட்டுவாங்க. நான் மொதல்ல "அத்தை, நீங்க வேலையை விட்டுப் பன்னெண்டு வருஷம் ஆச்சு"ன்னு உண்மையத்தான் சொன்னேன். ஒவ்வொரு நாளும் புதுசா வேலை போன மாதிரி அழுவாங்க. தினமும் ஒருத்தர வேலையை விட்டு நிறுத்துறது எனக்கே பாவமா இருந்துச்சு. அப்புறம் பழைய வெள்ளைத் துணியும் நூலும் குடுத்தேன். ராத்திரி எட்டு மணி வரைக்கும் முடிச்சு போடுவாங்க. எல்லாரும் தூங்கினப்புறம் நான் அதைப் பிரிச்சு வைப்பேன். இது பொய்யா? எனக்குத் தெரியலை சார். ஆனா அவங்க அழலை.

நேர்பேச்சு
ஞாயிறு, காலை 9.10

துணியும் நூலும் கொடுத்தது பொய் இல்லை அம்மா. உண்மையான துணி, உண்மையான முடிச்சு. அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. இல்லாத அரசாங்கம் இல்லாத கோரிக்கையை ஏற்றுக்கொண்டது என்று சொல்வதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

இன்னொன்று. இத்தனை பேர் எழுதிவிட்டோம், ஒருவர்கூட இதைக் கேட்கவில்லை. உண்ணாவிரதம் என்றால் கோரிக்கை என்று ஒன்று இருக்கும். அது என்னவென்று அவரிடம் கேட்டீர்களா? "உண்ணாவிரதம் நடக்கவில்லை" என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். எதற்காக என்று கேட்டதாக எங்கேயும் இல்லை.

கடலோரம்
ஞாயிறு, பகல் 12.40

நான் இடிந்தகரைக்காரி. 2011லிருந்து கூடங்குளம் அணு உலை வேண்டாம்னு எங்க லூர்து மாதா கோயில் முன்னால பந்தல்ல உட்கார்ந்த காலத்துல கதர் ஜிப்பா போட்ட தாத்தாமார் நிறையப் பேர் வருவாங்க. உங்க ஐயாவும் வந்திருக்கலாம். நாங்க பீடி சுத்திக்கிட்டே உட்கார்ந்திருப்போம், அவங்க தக்ளில நூல் நூத்துக்கிட்டு இருப்பாங்க. வேணும்னா எங்க பொம்பளைங்க குரல்ல நாலு வார்த்தை பதிவு பண்ணி அனுப்புறேன். குரல் மறக்காதுன்னு சொல்வாங்க.

கைராட்டை
ஞாயிறு, இரவு 8.15

டாக்டரிடம் போய் வந்தோம். செவிலி அம்மா, உங்கள் இரண்டு கணிப்பும் சரி. சிறுநீரில் தொற்று இருக்கிறது, குடலும் கெட்டிப்பட்டிருக்கிறது. ஆன்டிபயாடிக் ஆரம்பித்தாகிவிட்டது, எனிமா கொடுத்தார்கள். நீர்ச்சத்துக்குக் குளுக்கோஸ் ஒரு பாட்டில் ஏற்றினார்கள்.

ஆஸ்பத்திரியில் ஒரு விஷயம் நடந்தது, மனசை விட்டுப் போகவில்லை. வாசலில் காவலுக்கு நின்றவர் காக்கிச் சட்டை போட்டிருந்தார். ஐயா அவரைப் பார்த்ததும் கூன் நிமிர்ந்து நேராக நின்றார். இரண்டு கையையும் சேர்த்து முன்னால் நீட்டினார், விலங்கு மாட்டச் சொல்கிற மாதிரி. பயம் தெரியவில்லை. அந்தக் காவலாளி பாவம், இருபது வயதுப் பையன். என்ன செய்வதென்று தெரியாமல் ஐயாவின் கையைப் பிடித்துக் குலுக்கினான். ஐயா குழம்பிப் போனார்.

நேர்பேச்சு அவர்களே, நீங்கள் கேட்ட கேள்வி எனக்குக் குத்தியது. நான் கேட்கவில்லைதான். இருபத்தேழு வருடம் அவரிடம் பாடம் கேட்டவன் நான். இன்று களைத்துப்போய்த் தூங்கிவிட்டார். நாளைக் காலையில் கேட்கிறேன்.

செவிலி68
ஞாயிறு, இரவு 9.00

நல்லது. ஐந்து நாள் வயிறு காய்ந்தவர், எடுத்ததும் சோறு போட்டு நிரப்பாதீர்கள். கஞ்சித் தண்ணீர், அப்புறம் குழைந்த சாதம், கொஞ்சம் கொஞ்சமாக. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கதவருகில் கயிற்றில் தொங்கவிடுங்கள். சாப்பாடு, தண்ணீர், சிறுநீர், மலம், தூக்கம், மாத்திரை. யார் முறையோ அவர் எழுத வேண்டும்.

வீட்டுக்கு வருகிற யாரும் காக்கி போட வேண்டாம். ஆட்டோக்காரரிடமும் சொல்லிவையுங்கள், மேலே ஒரு துண்டைப் போர்த்திக்கொள்ளட்டும். ஏறக்குறைய ஐம்பது வருடத்துக்கு முந்தின ஜெயில் அவருக்கு நேற்று நடந்த மாதிரி. நம்முடைய நேற்றுத்தான் அவரிடம் இல்லை.

"மக்களைத் தேடி மருத்துவம்" ஆட்கள் உங்கள் ஊருக்கு வருகிறார்களா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். சர்க்கரை, பிரஷர் மாத்திரைக்கும் கால் பயிற்சிக்கும் வீட்டுக்கே வருவார்கள். உங்களுக்கே முடியாமல் போனால் 14567, முதியோருக்கான உதவி எண்.

வைகைக்கரை
ஞாயிறு, இரவு 9.30

எனக்கு ஒன்று புரியவில்லை. பீடி, வெற்றிலை கிடையாது, இறைச்சி கிடையாது, தினம் பத்து மைல் நடந்த மனிதர். அவருக்கு ஏன் இது வந்தது?

செவிலி68
ஞாயிறு, இரவு 9.50

வயதுதான் முதல் காரணம். சர்க்கரையும் பிரஷரும் ரத்தக் குழாயைக் கெடுக்கும், அது ஒரு பங்கு. நல்லவர் கெட்டவர் எல்லாம் இந்த நோய் பார்ப்பதில்லை. 2023ல் வெளியான ஆய்வுப்படி நம் நாட்டில் அறுபது தாண்டியவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல் இது இருக்கிறது, சுமார் 88 லட்சம் பேர். அதில் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிடுவார்கள். உங்கள் ஐயாவுக்கு ஐந்து பேர் கூடவே இருப்பதால் தெரிந்தது.

*(இந்த இடத்தில் இருந்த ஒரு பதிவு நீக்கப்பட்டது. குண்டை எதிர்ப்பவர்களுக்கு மூளை குழம்பத்தான் செய்யும் என்று கேலி பேச இது இடமில்லை. – மட்டுறுத்துநர்)*

கைராட்டை
செவ்வாய், காலை 11.20

நேற்று கேட்டேன்.

காலையில் தெளிவாக இருந்தார். பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "ஐயா, கோரிக்கை என்னங்க?" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். இத்தனை நாள் கழித்து இப்போதுதான் ஒரு அதிகாரி ஒழுங்காகப் பேசுகிறான் என்கிற பார்வை. காகிதம் கேட்டார். பேனாவைப் பிடிக்கச் சிரமப்பட்டார், பென்சில் கொடுத்தேன். எழுத்து இப்போதும் அழகாகத்தான் இருக்கிறது. இப்படி எழுதினார்:

கோரிக்கைகள்
1. பூட்டை எடுக்கவும்.
2.

இரண்டு என்று போட்டுவிட்டு ரொம்ப நேரம் யோசித்தார். ஒன்றும் எழுதவில்லை. காகிதத்தை மடித்து என்னிடம் கொடுத்தார்.

கேட்டைப் பூட்டி அன்றோடு பத்தொன்பது நாள். யாரும் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் புரியாது, மறந்துவிடுவார் என்று நினைத்தோம். ஆனால் தினமும் நாலரைக்கு எழுந்து போய்க் கேட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறார். ராத்திரி தங்குகிற எங்கள் எல்லோருக்கும் அந்தச் சத்தம் கேட்டிருக்கிறது. திரும்பிப் படுத்துக்கொண்டோம்.

ஐந்து பேரும் போனில் பேசினோம். வாக்குவாதம் வந்தது. வத்தலகுண்டு ரோட்டில் லாரி அடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றார் ஒருவர். நியாயம்தான். கடைசியில் பூட்டை எடுப்பது, நாலரைக்கு முறையில் இருப்பவர் அவரோடு நடப்பது என்று முடிவானது.

சாயங்காலம் அவர் முன்னாலேயே பூட்டைத் திறந்தேன். எலுமிச்சைச் சாற்றை நான் நீட்டினேன், வாங்கவில்லை. சமையல் அக்காவைக் கைகாட்டினார். சாவி இத்தனை நாளும் அந்த அக்கா முந்தானையில்தான் முடிந்திருந்தது. "சாவி வச்சிருந்தவங்கதான் குடுக்கணும்" என்றார். அக்கா அழுதுகொண்டே கொடுத்தார். மூன்று மடக்கு குடித்தார். ஒரு மணி நேரம் கழித்து ரசம் சாதம் கேட்டார். கதவிலிருந்த கரிக்கோட்டை ஈரத்துணியால் அவரே துடைத்தார்.

செவிலி68
செவ்வாய், பகல் 12.05

சந்தோஷம். ஆனால் ஆன்டிபயாடிக்கை ஐந்து நாளும் முழுதாகக் கொடுங்கள். பசி வந்தது பூட்டை எடுத்ததால் மட்டும் இல்லை.

நேர்பேச்சு
செவ்வாய், பகல் 12.10

ஆன்டிபயாடிக்கால் மட்டும் என்றும் சொல்ல முடியாது.

வைகைக்கரை
செவ்வாய், பகல் 1.00

தாசில்தார் வேஷத்துக்கு நான் வேட்டியைத் தேய்த்தே வைத்துவிட்டேன். வாபஸ்.

ஒன்று சொல்கிறேன். நடக்கும்போது அவர் ஜிப்பாப் பையில் ஒரு அட்டை இருக்கட்டும். பெயர், இரண்டு போன் நம்பர், சர்க்கரை இருக்கிறது என்ற ஒரு வரி. வழியில் இருக்கிற டீக்கடை, பால் சொசைட்டி, ஆட்டோ ஸ்டாண்டு எல்லா இடத்திலும் சொல்லிவையுங்கள். என் சித்தப்பாவை மூன்று தடவை கண்டுபிடித்துக் கொடுத்தது கரும்புச்சாறு கடைக்காரர்தான். அப்புறம் கேட்டில் மாட்டுக்குக் கட்டுகிற மணி ஒன்றைக் கட்டிவிடுங்கள். பூட்டு வேண்டாம், சத்தம் போதும்.

கைராட்டை
வெள்ளி, இரவு 10.00

மணி கட்டிவிட்டோம். அட்டையும் தைத்தாகிவிட்டது.

இப்போது வேறு ஒரு சங்கடம். நேற்று பகலில் இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். நல்ல பிள்ளைகள்தான். போருக்கு எதிராக ஒரு கூட்டறிக்கை, ஐயா கையெழுத்து வேண்டுமாம். முறையில் இருந்தவர் கடைக்குப் போயிருந்தார். ஐயா அழகாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். அவர்கள் போய்ப் பத்து நிமிடத்தில், யார் வந்தது என்று அக்காவிடம் கேட்டிருக்கிறார். அறிக்கையைப் படித்தேன். அவருக்கு நல்ல நினைவு இருந்த காலத்தில் கொடுத்திருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பார் என்றுதான் தோன்றுகிறது, ஒரு வரியைத் தவிர. அந்த வரி ஒரு தரப்பின் பெயரை மட்டும் சொல்கிறது, இன்னொன்றை விட்டுவிடுகிறது. அதைத் திருத்தச் சொல்லி ஒரு மணி நேரம் வாதாடியிருப்பார்.

இதை விட்டுவிடுவதா?

தாலுகாகோர்ட்
சனி, காலை 7.30

வக்கீல் என்கிற முறையில் சொல்கிறேன். அறிக்கைக் கையெழுத்தால் சொத்து ஒன்றும் போய்விடாது. ஆனால் இன்று அறிக்கைக்குப் போடுகிற கை நாளை வீட்டுப் பத்திரத்துக்கும் போடும். எனவே இரண்டையும் சேர்த்தே பாருங்கள்.

பவர் எழுதி வாங்கிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். நம் ஒப்பந்தச் சட்டம் 201ஆம் பிரிவுப்படி, கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் பவரும் போய்விடும். எப்போது தேவைப்படுமோ அப்போது பயன்படாது. மனநல சிகிச்சை பற்றிய முடிவுகளுக்கு 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. நினைவு சம்பந்தப்பட்ட கோளாறும் அந்தச் சட்டத்துக்குள் வரும். தெளிவாக இருக்கிற நாளில் ஒருவரைத் தன் பிரதிநிதியாக எழுதிக் கொடுக்கலாம், அவர் ரத்த உறவாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. நீங்கள் ஐந்து பேரும் சட்டப்படி அவருக்கு யாருமே இல்லை என்பதால் இது முக்கியம். சொத்துக்குப் பாதுகாவலர் வேண்டும் என்றால் பெரும்பாலும் உயர் நீதிமன்றம் போக வேண்டியிருக்கும். 2024ல் சென்னை உயர் நீதிமன்றம் கோமாவில் இருந்த ஒருவருக்கு அவர் மனைவியையே பாதுகாவலராக நியமித்தது. மனைவிக்கே அந்தப் பாடு என்றால் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் ஜார்ஜ் பெர்னாண்டஸ் கதையை நினைத்துப் பாருங்கள். அல்சைமர் வந்த பிறகு 2010ல் அவரை யார் வைத்துப் பார்த்துக்கொள்வது என்று மனைவி ஒரு பக்கம், தம்பிமார் ஒரு பக்கம் டெல்லி உயர் நீதிமன்றத்தில் நின்றார்கள். பழைய அரசியல் தோழர் போய்ப் பார்ப்பதற்கே கோர்ட் அனுமதி தேவைப்பட்டது. உங்கள் ஐயாவுக்கு அக்கா மகன், தம்பி மகன் என்று யாராவது இருந்தால் இப்போதே கூப்பிட்டுப் பேசிவிடுங்கள். நிலத்துக்காக வருவார்கள் என்று நாமே முடிவு கட்டிவிடக் கூடாது.

வைகைக்கரை
சனி, காலை 9.00

கையெழுத்து விஷயத்தில் எனக்கு வேறு கருத்து. அறுபது வருடம் ஒரே விஷயத்தைச் சொன்னவர். அவர் பெயர் இல்லாமல் ஒரு சமாதான அறிக்கை வந்தால் அவரையே பட்டியலிலிருந்து எடுத்துவிட்ட மாதிரி ஆகாதா? ஞாபகம்தான் போனது, நம்பிக்கையும் போய்விட்டதா என்ன?

நேர்பேச்சு
சனி, காலை 9.40

நம்பிக்கை போகவில்லை. அந்த ஒரு வரியைத் திருத்தச் சொல்லி வாதாடுகிற திறன்தான் போயிருக்கிறது. அது இல்லாத கையெழுத்து வெறும் மை.

ரோசா பார்க்ஸ் கடைசிக் காலத்தில் இதே சிக்கல் வந்தது. 1955ல் அமெரிக்காவில் வெள்ளையருக்குப் பஸ்ஸில் இடம் விட்டுக்கொடுக்க மறுத்த அதே கறுப்பின அம்மையார். தன் பெயரை ஒரு பாட்டுக்கு வைத்ததற்காக ஓர் இசைக்குழு மீது 1999ல் அவர் பெயரில் வழக்கு போடப்பட்டது. பிறகு அவருக்கு டிமென்ஷியா இருப்பது தெரியவந்தது. இது அவர் நடத்துகிற வழக்கா, அவர் பெயரில் மற்றவர்கள் நடத்துகிற வழக்கா என்று அவர் உறவினர்களே கேட்டார்கள். 2004ல் நீதிபதி அவர் நலனைப் பார்த்துக்கொள்ள டெட்ராயிட் நகர முன்னாள் மேயரை நியமித்தார். அடுத்த வருடம் வழக்கு சமரசமானது, அதே வருடம் அவர் இறந்தார். கேட்டிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்பது யாருக்கும் தெரியாமலே போய்விட்டது.

சின்னாளபட்டி மருமகள்
சனி, காலை 10.30

பழைய பேச்சு, கட்டுரையெல்லாம் இருக்குமே? அதுல இருந்து எடுத்துப் போடச் சொல்லுங்க, எந்த வருஷம் சொன்னதுன்னு தேதி போட்டு. அது அவர் யோசிச்சுச் சொன்னது. அதுக்கு யாரும் குத்தம் சொல்ல முடியாது.

கைராட்டை
அடுத்த புதன், இரவு 9.20

மருமகள் சொன்னதையே செய்தோம். அந்தப் பிள்ளைகளிடம் நேரில் போய்ச் சொன்னேன். ஒருவன் முகம் சுண்டிப்போனான். இன்னொருவன் பெயரை எடுத்துவிட்டு, 1998ல் ஐயா எழுதிய நோட்டீஸின் ஒரு பத்தியைத் தேதியோடு கீழே போட்டான். இனிமேல் ஐயா பெயரில் புது அறிக்கை கிடையாது என்று எல்லா அமைப்புகளுக்கும் கடிதம் எழுதிவிட்டோம். கூட்டத்துக்கு அழைத்தால் வருவார், மேடையில் மைக் கொடுக்க வேண்டாம், முன்வரிசையில் தக்ளியோடு உட்காரட்டும் என்றும் எழுதினோம். தக்ளியில் நூல் இன்னமும் அறுபடாமல் வருகிறது. நூலைச் சுற்றிச் சிட்டம் கட்டும்போதுதான் சுற்றின் எண்ணிக்கை தவறுகிறது.

அக்கா மகன் கோவையிலிருந்து வந்தார். நாங்கள் பயந்த மாதிரி இல்லை. வீட்டைப் பற்றிப் பேசவே இல்லை. மாதம் இரண்டு ராத்திரி தன்னையும் முறையில் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். வக்கீல் சார் சொன்ன பிரதிநிதி விஷயத்தை டாக்டரிடம் பேசி வருகிறோம்.

கடலோரம் அக்கா அனுப்பிய குரல் பதிவைப் போட்டுக் காட்டினோம். யார் என்று சொல்லத் தெரியவில்லை. ஆனால் முடியும்வரை தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார், மறுபடி போடச் சொன்னார்.

நாலரை நடை ஒன்பது நாளாக நடக்கிறது. மணிச் சத்தம் கேட்டதும் முறையில் இருப்பவர் எழுந்துவிட வேண்டும், எங்களுக்குத்தான் அது பெரிய பயிற்சி. முன்னால் அவர்தான் போவார், நாங்கள் இரண்டடி பின்னால். ஒன்றரை கிலோமீட்டரில் ஒரு டீக்கடை. மாஸ்டரிடம் சொல்லிவைத்திருக்கிறோம், சர்க்கரை இல்லாத பால் கொடுப்பார். குடித்துவிட்டு, "இன்னிக்கு இதுவரைக்கும் போதும், நாளைக்கு அடுத்த ஊர்" என்று அவரே திரும்பிவிடுகிறார். மூன்று நாள் திரும்ப மறுத்தார். இரண்டு நாள் ஆட்டோ வந்தது, துண்டு போர்த்தின ஆட்டோக்காரரோடு. ஒருநாள் ஏற மாட்டேன் என்று ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார், முக்கால் மணி நேரம். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொசுக்கடிதான் தாங்கவில்லை.

ஒரு கேள்வி பாக்கி. அந்த நேரத்தில் ரோட்டில் நல்ல இருட்டு, மணல் லாரி வேறு போகிறது. சைக்கிளுக்கு ஒட்டுகிற மினுங்குகிற பட்டையை அவர் கதர்த் துண்டில் ஒட்டினால் நிற்குமா?

சின்னாளபட்டி மருமகள்
புதன், இரவு 9.45

ஒட்டினா ரெண்டு துவைப்புல வந்துடும். தையல் கடையில துணியிலேயே வர்ற மினுங்குற பட்டை மீட்டர் கணக்குல கிடைக்கும், ஓரத்துல வெச்சுத் தெச்சுடுங்க. முதுகுப் பக்கம் அகலமா வரணும், லாரி பின்னாலதான் வரும். உங்களுக்கும் ஒண்ணு தெச்சுக்கோங்க, இருட்டுல ரெண்டடி பின்னால நடக்கிறது நீங்கதானே.